எழுபத்திரண்டு கிலோ ஆவுளியா

கீழக்கரை ஆய்வுக்கூடத்தில்
ரத்தத்தில் சீனி பார்ப்பது என் வேலை.
தம்பி பேரே சீனி.
பள்ளிக்கூடத்தில் சீனி அலியார் என்று எழுதினார்கள்,
மிச்சத்தை ஊர் தின்றுவிட்டது.

தை கடைசியில் ஒரு ராத்திரி
பேக்கரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு போன் போட்டான்:
"லாத்தா, ஒரு இனிப்பு கண்டுபிடிச்சிட்டேன்.
சீனி எழுபத்திரண்டு கிலோ."
வேற?
"தண்ணி."
வேற?
யோசித்தான்.
"நாலு எலுமிச்சம்பழம். ஒரு கை பால், அழுக்கெடுக்க.
அப்புறம் வாலிநோக்கத்து உப்பு ஒரு சிட்டிகை.
இல்லாட்டி திகட்டும்."

பெரியபட்டினத்தில் ஒரு நிக்காஹ்.
இதுவரைக்கும் எவனும் வைக்காத ஒன்று வேண்டும்
என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.
துபாயிலிருந்து வந்தவர்களுக்கு
ஒட்டகம் அலுத்துவிட்டது.
ஆகவே ஆவுளியா.

இந்தக் கரையில் அதைக் கண்டவர்கள் குறைவு.
கண்டதாகச் சொல்லாதவர்கள் அதைவிடக் குறைவு.
சீனி கண்டதில்லை, அதை ஒப்புக்கொண்டான்.
'ஆவுளியாவைக் காப்போம்' என்ற
வனத்துறைச் சுவரொட்டியை
மாவு படிந்த சுவரில் ஒட்டி
அதைப் பார்த்தே செய்தான்.

கம்பிப் பாகில் தோல்.
உடையும் பதத்தில் விலா எலும்பு.
வயிறு முழுக்கப் பஞ்சுமிட்டாய்.
மீசைக்குப் பாகை நூலாக இழுத்ததில்
விரலில் மூன்று கொப்புளம்.
கண்ணுக்கு மட்டும் கருப்பட்டி.
அதுவும் சீனிதானேடா என்றேன்.
"அது பார்க்கிற சீனி."
ஆறடி.
குட்டிதான் என்றான், அடக்கமாக.

இஷா முடிந்து குட்டியானையில் ஏற்றினோம்.
யானைக்குள்ள கடல்பசுவா என்று டிரைவர் சிரித்தான்.
தார்ப்பாய் போர்த்தினோம், வால் மட்டும் வெளியே.

அந்த வால்தான்.

முத்துப்பேட்டை தாண்டியதும்
ஒரு ஜீப் குறுக்கே நின்றது.
வனவர் பூமிநாதன்
டார்ச்சை வாலில் அடித்தார்,
பிறகு எங்கள் முகத்தில்.
"எங்க பிடிச்சீங்க?"
"பிடிக்கல சார். காய்ச்சினது."
"காய்ச்சிட்டீங்களா?"
அவர் குரல் உடைந்தது.
அந்த இடத்தில்தான்
அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

மேலதிகாரிக்கு போன். நாலு பக்கமும் படம்.
மகஜர் எழுதப் பேனா தேடினார்கள்.
அதற்குள் கொண்டல் வந்துவிட்டது,
கடலைப் பாதி சுமந்துகொண்டு.
ஈரத்தைக் கண்டால் சீனிக்குப் புத்தி நிற்காது.
தோல் வேர்த்தது.
மீசை போன இடம் தெரியவில்லை.
கருப்பட்டிக் கண்ணிலிருந்து
பழுப்பாக ஒரு கோடு இறங்கியது.
பேக்கரியில் அது பொம்மை.
இங்கே, சொட்டச் சொட்ட,
மூச்சுக்காக இப்போதுதான்
தலையை மேலே தூக்கியதுபோல்
பளபளத்துக் கிடந்தது.
பூமிநாதன் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"நக்கிப் பாருங்க சார்" என்றான் தம்பி.

செவ்வாய்க்கிழமை
அவர் ரத்தத்தை எடுத்தவள் நான்.
வெறும் வயிற்றில் இருநூற்று எண்பத்தாறு.
வெளியே சொல்லக் கூடாது,
எங்கள் வேலையின் முதல் விதி.
அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.
நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கடல் தெரியவில்லை,
சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஒரு விரல்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு முழுக் கை.
"ஆவுளியா இல்ல" என்றார்,
மகஜரில் எழுதுகிற குரலில்.
அப்புறம் சொந்தக் குரலில்:
"உப்பு போட்டிருக்கியா?"
சீனிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.
எழுபத்திரண்டு கிலோவுக்குள்
அதைத் தேடிப் பிடித்தவர்
அன்றைக்கும் சரி, மறுநாள் பந்தியிலும் சரி,
அவர் ஒருவர்தான்.

காலையில் மண்டபம் சேர்ந்தபோது
மூக்கு மழுங்கி, முதுகு வழிந்து,
பிள்ளைகள் ஏறி உட்கார வாகாக இருந்தது.
மாப்பிள்ளையின் மாமா
திகட்டுது திகட்டுது என்றபடி மூன்று தடவை வந்தார்.
துடுப்பு ஒன்று குறைவதாகச் சொல்லி
ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் துடுப்பு ஜீப்பில் போயிற்று.
'சாட்சிப் பொருள், ஒன்று' என்று எழுதி
கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை
மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருந்தேன்.
வரவில்லை.